அரண்மனைக்காரத் தெருவும் ஓர் அரசியல் சாசனமும்

ஓர் ஊரில் நாற்பது ஆர்மேனியர் குடியிருந்தால் போதும். அவர்களுக்கு ஒரு தேவாலயம் கட்டித் தருகிறோம், பாதிரியாருக்கு ஏழு வருஷம், ஆண்டுக்கு 50 பவுன் சம்பளமும் தருகிறோம் என்று 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. கம்பெனிக்குத் திடீரென்று பக்தி பெருகிவிடவில்லை. பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் பெரும்பங்கு ஆர்மேனிய வணிகர்கள் கையில் இருந்தது. அதைத் தன் கப்பல்களில் ஏற்ற வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கின் மிச்சம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வடக்கே, பிராட்வேயை ஒட்டினாற்போல் ஓடும் ஒரு தெருவில் இருக்கிறது. பலகையில் ஆர்மேனியன் தெரு. பேச்சில் தேய்ந்து அரண்மனைக்காரத் தெரு. அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை. கறுப்புக் கோட்டு வக்கீல்களும் ஜெராக்ஸ் கடைகளும் மீன்பாடி வண்டிகளும் நெருக்கியடிக்கும் பாரிமுனைச் சந்தடியில், ஆர்மேனியர் தேவாலயத்தின் கதவைக் கவனிக்காமலே கடந்து போய்விடலாம்.

கதவுக்கு மேலே 1712 என்று எழுதியிருக்கிறது. அது முதல் தேவாலயத்தின் ஆண்டு. அது நின்றிருந்த, கோட்டையை ஒட்டிய பழைய கறுப்பர் நகரத்தை, பிரெஞ்சுக்காரர் மறுபடியும் வந்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாதென்று ஆங்கிலேயர் இடித்துத் தள்ளி வெட்டவெளி ஆக்கினார்கள். இப்போது நிற்பது 1772-ல் கட்டப்பட்டது. உள்ளே கால் வைத்தால் தரையில் பாவிய கல்லறைக் கற்கள். வளைந்து வளைந்து செதுக்கிய ஆர்மேனிய எழுத்துகள். சுமார் 350 பேர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். மணிக்கூண்டு தனிக் கட்டடம். அதிலுள்ள ஆறு மணிகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ. 1754-ல் வார்த்த பழைய மணி ஒன்றை 1808-ல் உருக்கித் திரும்ப வார்த்தபோது அதில் தமிழ் எழுத்தும் ஏறியது. இரண்டு மணிகளில் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பெயரும் 1837 என்ற ஆண்டும் இருக்கின்றன.

இந்த நிலம் ஆகா ஷாமீர் சுல்தான் என்ற வணிகருடைய குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அவர்களின் குடும்பச் சிற்றாலயமும் இடுகாடும் இங்கேதான் இருந்தன. ஆர்மேனியாவில் அவரை ஷாஹாமீர் ஷாஹாமிரியன் என்பார்கள். அங்கே அவர் பள்ளிப் பாடத்தில் வரும் அளவுக்குப் பெரிய ஆள். சென்னையில் அவரைத் தெரிந்தவர்கள் சொற்பம். அந்த அலட்சியம் நமக்கு நஷ்டம்.

அப்போது ஆர்மேனியா என்று ஒரு நாடே இல்லை. பாதி துருக்கியரிடம், பாதி பாரசீகரிடம். ஷாமீரோ மதராஸில் வியாபாரம் பார்த்துக்கொண்டே, எப்போதோ வரப்போகும் அந்த நாட்டுக்குச் சட்டம் எழுதினார். மன்னராட்சி வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைதான் ஆள வேண்டும், ஆள்பவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பது அதன் சாரம். அதை அச்சிட்டது அவருடைய மகன் ஹாக்கோப்பின் பெயரில் 1770-களின் தொடக்கத்தில் மதராஸில் நிறுவப்பட்ட அச்சகம். இந்தியாவின் முதல் ஆர்மேனிய அச்சகம் அதுதான். புத்தகத்தின் முகப்பில் 1773 என்று இருக்கிறது. அச்சு வேலை முடிய இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முகப்பை அப்படியே நம்பினால் அமெரிக்க அரசியல் சாசனத்துக்கே மூத்தது. நம்பாவிட்டாலும் அதன் சமகாலத்தது. ஹாக்கோப் 1774-ல் வியாபாரத்துக்குப் போன இடத்தில், மலாக்காவில், இறந்துபோனார். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

மதராஸில் ஆர்மேனிய அச்சு அதோடு நின்றுவிடவில்லை. 1794-ல் ஹாரூத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். ஈரானின் ஷிராஸ் நகரத்துக்காரர். அங்கே இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு மதராஸுக்கு வந்தவர். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை அது. பதினெட்டு இதழோடு 1796-ல் நின்றது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் அர்த்தம் புரியும்! அவர் 1824-ல் மறைந்தார். அவருடைய கல்லறையும் இதே தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது.

இப்போது சென்னையில் வழிபட ஆர்மேனிய சபை இல்லை. கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபைக் குழு கட்டடத்தைப் பராமரிக்கிறது.

அதே தெருவிலுள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் நிலைமை நேர் எதிர். அதன் வாயிலில் உள்ள 1642, பிரெஞ்சுக் கப்பூச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவெர் மதராஸில் தங்கிப் பணி தொடங்கிய ஆண்டு. ஆனால் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் யாரும் அதை அண்ணாந்து பார்ப்பதில்லை. மெழுகுவர்த்தியும் மாலையுமாக வருகிறவர்களுக்கு இது அந்தோணியார் கோயில். வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

வியாபாரத் தெரு என்றால் பின்னியைச் சொல்லாமல் முடியாது. பின்னி கம்பெனி 1812-ல் இந்தத் தெருவுக்கு வந்தது. பின்னாளில் பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளை நடத்திய நிறுவனம் இதுதான். தெருவின் இன்னொரு கட்டடம் கோகலே மண்டபம். கோபாலகிருஷ்ண கோகலே மறைந்த 1915-ல், அன்னி பெசன்ட் தாம் தொடங்கிய யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷனுக்காகக் கட்டியது. சுயாட்சி இயக்கத்தின் மேடை அது. ஒலிபெருக்கி வராத காலத்துக் கச்சேரிகளும் அங்கே நடந்தன.

இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஒரு வழக்கு கிடக்கிறது. பெசன்ட்டின் தோழர் பி.பி. வாடியா, 1917-ல் அவரோடு ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். மறு வருஷமே பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய மதராஸ் லேபர் யூனியனுக்குத் தலைவரானார். 1920-ல் ஆலைத் தகராறு முற்றியதும், தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்று பின்னி அவர் மேல் வழக்குப் போட்டது. தெருக்கோடியில் இருக்கும் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. சங்கம் வைத்தாலே நஷ்டஈடு கட்ட வேண்டுமா என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

நூறு வருஷம் கழிவதற்குள் கோகலே மண்டபமே நீதிமன்றப் படி ஏறியது. அதை இடிக்கத் தொடங்கியது வேறு யாரும் இல்லை, பெசன்ட் உண்டாக்கிய அதே அசோசியேஷன். கூரையின் ஒரு பகுதி பிரிக்கப்பட்ட பிறகுதான் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது.