நாலு கண்

கொல்லிமலைச் சோளக்காட்டில் நண்பர் வீட்டுத் திண்ணைச் சுவர் இடுப்பளவுக்கு நீலம் பூத்திருக்கும். மிளகுக் கொடிக்குப் போர்டோ மருந்து கலக்கும் இடம் அது. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலந்ததும் கொடுவாள் நுனியைத் தேய்த்து அதில் முக்கிப் பார்ப்பார். இரும்பில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

"போர்டோங்கறது கம்பெனிப் பேர்தானுங்களே?" என்றார்.

ஊர்ப்பேர் என்றேன். பிரான்சில் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்தில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, பார்த்தாலே முகம் சுளிக்கட்டுமென்று துத்தமும் சுண்ணாம்பும் தெளித்துவைத்தார்கள். அடிச்சாம்பல் நோய் வந்து தோட்டமே இலை உதிர்த்தபோது அந்த ஓரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885இல் செய்முறை வெளியானது. திருடனுக்குப் பயந்து அடித்தது கொல்லிமலை மிளகு வரை வந்துவிட்டது.

நண்பர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு பந்தல், அதன்மேல் பன்னீர்த் திராட்சை. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு ஆசையாக நட்டது. கொடி கூரையேறிப் பலாமரத்தையும் பிடித்திருந்தது. இலையெல்லாம் அதே அடிச்சாம்பலின் எண்ணெய்ப் புள்ளி. பழம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த மாதம் இருவரும் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனோம். எங்களுக்கு முதலில் புரியாமல்போனது அங்கே என்ன பருவம் என்பதுதான். ஒரு பந்தல் இலையே இல்லாமல் எலும்பாகக் கிடந்தது. பக்கத்துப் பந்தலில் பூ. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கறுத்துத் தொங்கும் கொத்துகள். ஒரே மண், ஒரே முல்லையாற்றுத் தண்ணீர்.

எலும்புப் பந்தலின் கீழே ஒரு பெரியவர் கவாத்து செய்துகொண்டிருந்தார். நாள் முழுக்கக் கழுத்தை அண்ணாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி செய்யும் வேலை. கையில் கவாத்துக் கத்தரி. அதன் சுருள்வில் எப்போதோ போய்விட்டதாம். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றியிருந்தார். சிறுவயதில் வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிச் சுமக்க வந்தவர். ஏழு வருஷம் பொறுக்கிய பிறகுதான் கத்தரியைக் கையில் கொடுத்தார்களாம். இப்போது கழுத்தைக் குனித்துச் சாப்பிட முடியவில்லை, தட்டை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொள்கிறேன் என்று சிரித்தபடியே சொன்னார்.

நண்பர் தன் கொடியைப் பற்றிச் சொன்னார்.

"கத்தரி போட்டீகளா?"

"இல்லீங்கய்யா. வளர்றத எதுக்கு வெட்டறதுன்னு விட்டுட்டேன்."

"பின்னே? அதுக்கு யாரு சொல்லுவா, தூங்கு, எந்திரின்னு?"

போர்டோவில் அதைப் பனிக்காலம் சொல்கிறது. குளிரில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், இலையுதிர் காலத்தில் அறுவடை, வருஷத்துக்கு ஒரே தடவை. கம்பத்தில் குளிர் ஏது? கொடி தூங்குவதேயில்லை. இந்தக் கத்தரி வந்து, குச்சியில் துளிர் வரும் கணுவாக நாலு கண் விட்டு வெட்டுகிற நாள்தான் அதற்குப் பனிக்காலம். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் வெட்டுவதால் ஒரே ஊரில் எல்லாப் பருவமும் நடக்கிறது. எந்தக் குச்சிக்கு எத்தனை கண் என்பதைப் பெரியவர் கனம் பார்த்துத் தடவியே முடிவு செய்தார். அதற்குமேல் மருந்துக் கணக்கொன்று சொன்னார். எனக்குத் தலையில் ஏறவில்லை.

அப்படியானால் இந்தப் பன்னீர்த் திராட்சையில் நல்ல சிவப்பு ஒயின் வருமா? (கேட்டது ஆராய்ச்சிக்காகத்தான்.) சாற்றுக்கு நிறமில்லை; தோலோடு ஊறினால்தான் சிவப்பு. அதற்குச் சின்னப் பழமும் தடித்த தோலும் வேண்டும். கபர்னே சொவிஞ்யோன் என்ற ஒயின் திராட்சை அப்படிப்பட்டது. பன்னீர் வாசனைக்காரி, உண்ணப் பிறந்தவள். இரவும் வெக்கையாக இருந்தால் பழத்தில் புளிப்பு தங்காது, நிறமும் ஏறாது. நாசிக்கில் அதனால்தான் ஏப்ரலில் ஒரு வெட்டு, மழை முடிந்தபின் ஒரு வெட்டு என்று இரண்டு கவாத்து செய்து ஒரே விளைச்சல் எடுக்கிறார்கள். குளிர்ந்த இரவுகளில் பழம் முற்றும். பெங்களூருக்கு வடக்கே நந்திமலை அடிவாரத்தில் அந்தக் குளிரை உயரம் கொடுக்கிறது.

உயரம் கொல்லிமலைக்கும் உண்டுதானே என்று நண்பர் கண்ணைப் பார்த்தேன். "எங்களுக்கு உயரத்தோட மஞ்சும் சேத்துக் குடுத்திருக்குதுங்களே" என்றார்.

வாய்க்காலோரம் வியாபாரியின் வண்டி நின்றது. மருந்துக்கு முன்பணம் கொடுத்தவர், அதனால் விலை சொல்பவரும் அவரே. வானம் கறுத்தால் விலை இறங்குகிறது. நனைந்த பழம் வெடிக்கும், தோட்டக்காரரால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். பெட்டிக்குப் பெட்டி கழிவு வேறு. குறியீட்டுச் சான்றிதழ் அந்தத் தராசுத் தட்டில் எவ்வளவு எடை இழுக்கும் என்று உரக்கவே கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. "எங்க மிளகுல ஈரம்னு கழிக்கறாங்க" என்றார் நண்பர். கத்தரிக்காரருக்கோ பழம் எந்த விலைக்குப் போனாலும் அதே நாள்கூலி.

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வீடு சேர்ந்தபோது பனி இறங்கிவிட்டது. மறுநாள் காலை, கொடுவாள் வேண்டாமென்று, பேருந்து நிலையத்தருகே வாங்கிய புதுக் கத்தரியால் பந்தலை வெட்டினார். நாலு கண், நாலு கண் என்று முணுமுணுத்துக்கொண்டே. வெட்டு வாயெல்லாம் நீர் சொட்டியது.

போன வாரம் பேசினார். துளிர் வந்திருக்கிறதாம், பூ இல்லை. மிளகுக்குக் கலக்கும்போது இதற்கும் அடித்துவிடுகிறேன் என்றார்.