சேர்ந்து வாங்கினால் சோலாரும் மலிவு

கூரையில் சோலார் போடப் பலருக்கும் ஆசை. எவ்வளவு ஆகும், யாரை நம்புவது என்ற தயக்கத்திலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், தென்கிழக்குப் பகுதி மக்கள் 2009-இல் இதற்கொரு வழி கண்டார்கள். தனித்தனியே பேரம் பேசாமல் அக்கம்பக்கத்தார் ஒன்றுசேர்ந்தார்கள். தன்னார்வலர் குழு ஒன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு, ஒரே ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்தது. வீடுகள் கூடக்கூட விலை குறையும் என்பது ஏற்பாடு. சந்தேகங்களைத் தீர்க்கப் பயிலரங்குகளும் நடந்தன.

ஆறே மாதத்தில் 300-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள்; 130 வீடுகளில் சோலார் ஏறியது. ‘சோலரைஸ்’ என்ற இந்த முறை பிறகு பல ஊர்களுக்குப் பரவியது.

நம் அடுக்குமாடிச் சங்கங்கள் இதை அவசியம் கையில் எடுக்க வேண்டும். சோலாருக்கு முன் சிறிய அளவில், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. மோட்டார் மின்விசிறிகளைச் சேர்ந்து வாங்குவதில் தொடங்கலாம்; பழைய மின்விசிறிக்கு ஆகும் மின்சாரத்தில் பாதிகூட அவற்றுக்கு வேண்டாம்.