மண்டபம் கேம்ப்: சேது எக்ஸ்பிரஸ் போகும் வழியில்...

விருத்தாசலம் என்றால் சிலருக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில், பலருக்குப் பீங்கான். கார்த்திகை வந்துவிட்டால் இவ்வூர் அகல் விளக்குகளுக்குத் தனி மவுசு. ராமேஸ்வரம் செல்லும் சேது எக்ஸ்பிரஸும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பாம்பன் பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் முண்டியடிப்பவர்கள், அதற்குச் சற்று முன்பு வரும் ‘மண்டபம் கேம்ப்’ ஸ்டேஷனைக் கவனிப்பதில்லை.

ஒருகாலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைத் தங்கவைத்த இடம் அது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அதுவே முதல் வாசலானது. 2012 வரை நான்கு அலைகளாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தார்கள்.

இத்தனை பேரை எப்படிச் சமாளித்தார்கள்? இந்தியாவில் அகதிகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனவே புயல், வெள்ளத்துக்கு ஓடும் கலெக்டர், தாசில்தார்தான் இதற்கும் ஓடினார்கள். முதலில் விசாரணை, பெயர்ப் பதிவு. பிறகு தங்க இடம், ரேஷன், உதவித்தொகை. மண்டபத்தில் நெரிசல் கூடியதும் பிற மாவட்ட முகாம்களுக்கு அனுப்பினார்கள். கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலும் முகாம் உண்டு. 1984-இல் அகதிகளே தொடங்கிய ‘ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்’ கல்வி, மருத்துவத்தில் கைகொடுத்தது.

ஆனால், புயலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். 2011-இல் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது பாதுகாப்பு மையங்களுக்குப் போனவர்கள், காற்று ஓய்ந்ததும் வீடு திரும்பினார்கள். கடல் தாண்டி வந்த பலரால் திரும்ப முடியவில்லை. அவசரத்துக்குக் கட்டிய பத்துக்குப் பத்தடி அறையே பலருக்கு நிரந்தர வீடானது. பேரிடர் உதவிக்கான ‘ஸ்பியர்’ சர்வதேச அளவுகோல்படி, தற்காலிகக் கூடாரத்தில்கூட ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5. பத்துக்குப் பத்து அறையோ 9.3 சதுர மீட்டர்தான்!

2021-இல் 7,469 புதிய வீடுகளைத் தமிழக அரசு அறிவித்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. மறு ஆண்டே இலங்கையில் பொருளாதார நெருக்கடி. தனுஷ்கோடிக் கரையில் மீண்டும் படகுகள். வந்தவர்களை அழைத்துச் சென்ற இடம், அதே மண்டபம்.

முதல் அலையில் படகில் கைக்குழந்தையாக வந்தவர்களில் பலர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்கள். பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. இந்தியக் குடியுரிமைக்கான அவர்களின் காத்திருப்பு மட்டும் இன்னும் முடியவில்லை.