துருவுக்கு ஒரு கருப்புப் போர்வை

குடகில் துப்பாக்கிக்குப் பெரிய எதிரி மழைதான். ஜூனில் தொடங்கி மூன்று மாதம் கொட்டும் மழையில் சுவர்கள் வியர்க்கின்றன; அலமாரிக்குள் இருக்கும் செருப்பில்கூட பூஞ்சை படிகிறது. பூஜை அறையில் சாத்தி வைத்த இரட்டைக் குழல் துப்பாக்கி மட்டும் எப்படித் தப்பும்?

செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது பண்டிகை. நடவு வேலை முடிந்து, ஆயுதங்களைத் துடைத்து, பூ வைத்து குடவர்கள் வணங்கும் நாள். அந்தப் பூவுக்கு அவர்கள் மொழியில் தோக்பூ, அதாவது துப்பாக்கிப் பூ என்று பெயர். தமிழர்களுக்கு அது பழகிய செங்காந்தள்தான். ஆகஸ்ட் கடைசியில் துப்பாக்கிகள் வெளியே வருகின்றன. கூடவே துருவும் தெரியவருகிறது.

குழலின் கருநீலம் வெறும் பெயின்ட் அல்ல. பழைய முறையில் இரும்பை அமிலக் கரைசலால் வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, பிறகு கொதிநீரில் போடுவார்கள். சிவப்புத் துரு கருப்பாக மாறும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடியும் அதையே செய்வார்கள். இப்படிப் பல முறை, பல நாள். தொழிற்சாலைகளில் கொதிக்கும் காஸ்டிக் சோடா கரைசலில் முக்குவது விரைவான வழி. ஆனால் பழைய இரட்டைக் குழலுக்கு அது ஆகாது. இரண்டு குழல்களையும் இணைக்கும் ஈயப் பற்றவைப்பை அந்தக் கரைசல் அரித்துவிடும்.

மூன்றாவது வழி, பாட்டிலில் வரும் 'கோல்டு ப்ளூ'. சூடு தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக நீக்கி, பஞ்சில் நனைத்துத் தடவினால் சில நொடிகளில் இரும்பு கறுக்கிறது. அதில் இருக்கும் செம்பு உப்பும் செலினிய அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம் அது. கழுவி, துடைத்து, எண்ணெய் பூசவேண்டும். செலினியம் நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் அவசியம். கைரேகை பட்ட இடத்தில் திட்டுத் திட்டாகும். புழங்கப் புழங்கத் தேய்ந்தும்விடும்.

விராஜ்பேட்டை பக்கத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் வீட்டுக்கு அப்படி ஒரு பாட்டிலோடு வந்தார் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். "எமரி போட்டுத் தேய்த்து, இதைப் பூசினால் புதுசு மாதிரி ஆயிடும் அப்பா" என்றார்.

"புதுசாகணும்னு யார் கேட்டாங்க?" என்றார் அப்பா.

அவர் காட்டியது குழலின் நடுவில் நிறம் போய் வெள்ளியாக மின்னிய ஓர் இடத்தை. அவருடைய தாத்தாவின் இடது கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். அதையும் கருப்பாக்கினால் துப்பாக்கி இருக்கும், தாத்தா இருக்கமாட்டார் என்பது அவர் வாதம்.

ஆனால் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வேறொன்றைக் கண்டார். குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தவர், இடது குழலில் தோட்டா அறைக்கு அருகே துரு குழி பறித்திருப்பதைக் காட்டினார். வெடிக்கும்போது அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடம் அது. "மேலே எவ்வளவு கருப்பு பூசினாலும் உள்ளே இரும்பு வளராது. இடது குழலில் இனி தோட்டா போடாதீங்க" என்றார்.

வீட்டில் எல்லோரும் மௌனமானார்கள். குடகில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு, மரணத்துக்கு இரண்டு. உள்ளறையில் படுத்த படுக்கையாக இருந்தார் சுபேதாரின் தாய். அந்த இரண்டு வேட்டும் இந்த வீட்டுத் துப்பாக்கியிலிருந்தே கேட்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. வலது குழலிலேயே இரண்டு முறை சுடலாம் என்று தீர்மானமாயிற்று.

எமரியைத் தொடவில்லை. எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் வைத்துத் துருவை மட்டும் எடுத்தார்கள். அந்த இடங்களில் மட்டும் பாட்டிலைப் பயன்படுத்தினார்கள். குழலில் பொறித்த எண்களும் முத்திரைகளும் அப்படியே இருந்தன. தாத்தாவின் கைத்தடத்துக்கு வெறும் எண்ணெய்.

குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு முதலில் கிடைத்தது 1861-ல், பிரிட்டிஷ் ஆட்சியில். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சலுகையை நீட்டிக்க ஓர் அரசாணை போதும். குழலைக் காப்பாற்றவோ, மழைக்காலம் முழுக்க எண்ணெய்த் துணியோடு உட்கார வீட்டில் ஆள் வேண்டும். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள்.