வீட்டுக்குள் ஒரு குழூஉக்குறி

சென்ற ஆண்டு ஆடி மாதத்து மாலையொன்றில், கரமனையிலுள்ள எங்கள் வீட்டு உணவு மேசைமேல் கிடந்த என் மகளின் கைப்பேசி ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. பிறர் கடிதத்தைப் படித்தல் தகாது என்று அவளுக்குச் சிறுவயதிலேயே கற்பித்தவன் நான்தான். ஆயினும் கண் சென்றுவிட்டது. ஆங்கில எழுத்துகளில் ஒரு மலையாள வாக்கியம்: ‘ஒடுவில் நின்னெத் தேச்சு, அல்லே?’

பாத்திரம் தேய்ப்பதை அறிவேன். எண்ணெய் தேய்ப்பதையும் துணி தேய்ப்பதையும் அறிவேன். பதினாறு வயதுப் பெண்ணை யார் எதற்காகத் தேய்ப்பது? இரவு முழுதும் அச்சொல் மனத்தை அரித்தது. மறுநாள் அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவரிடம், வேறு யார் வீட்டுக் கதையோ போலப் பேச்சைத் தொடங்கிப் பொருள் கேட்டேன். அவர் சிரித்தார். காதலித்துவிட்டுக் கைவிட்டுப் போவதற்குத்தான் இந்நாளில் ‘தேப்பு’ என்று பெயராம். அன்று மதியம் நான் எழுதிய குறிப்பொன்றில் இரண்டு தேதிகள் தவறாய்ப் போயின. இருபது ஆண்டுப் பணியில் அப்படி நிகழ்ந்ததாய் நினைவில்லை.

மாலை வீடு சேர்ந்ததும் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத மனம் வரவில்லை. ‘யார் அவன்?’ என்பதை மட்டும் நாலைந்து முறை கேட்டேன். கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிளஸ் ஒன் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்த என் மகள், ‘அப்படி யாரும் இல்லப்பா’ என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மலையாள வினைச்சொல்லின் இயல்பை நம்மில் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மலையாளத்தில் ‘வந்நு’ என்றால் வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை. ‘தேச்சு’ என்பதும் அத்தகையதே. அதன் வாலில் ‘ஆன்’ விகுதியை ஒட்டவைத்தது நான். கல்லூரியில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்துப் பி.ஏ. தேறியவனுக்கு, இதை உணர ஏறக்குறைய ஒன்றரை மாதமாயிற்று.

அந்த ஒன்றரை மாதமும் என் மகள் என்னிடம் திருத்தமான தமிழ் பேசினாள். அதற்குமுன் அவள் வீட்டில் பேசியது பாதி நாஞ்சில் தமிழ், கால்பங்கு மலையாளம், மிச்சம் எம்மொழி என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. ‘அப்பா, இது பொளி’ என்பாள், ‘கிடு’ என்பாள், பேருந்து வராமல் கிழக்கேகோட்டையில் அரைமணி நேரம் நின்றால் ‘போஸ்ட் ஆயிட்டேன்’ என்பாள். நான் முகஞ்சுளித்திருக்கிறேன். இப்போதோ, ‘சரி அப்பா’, ‘வேண்டாம் அப்பா’, ‘படித்துவிட்டேன் அப்பா’ என்று மூன்றே வாக்கியங்கள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அத்தனை நல்ல தமிழை அதுவரை என் வீட்டில் நான் கேட்டதில்லை. கேட்கவும் முடியவில்லை.

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்விஷயத்திற்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்குவார். ஒரு குழுவினர், பிறர்க்கு விளங்காதபடி, ஒரு பொருளின் வழக்கமான பெயரை விட்டுவிட்டு வேறு சொல்லால் குறிப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவர். கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயரிட்டவன் எத்தகைய இரசிகனாயிருக்க வேண்டும்! உள்ளே போனால் மனத்திலுள்ள சொல்லெல்லாம் வெளியே விளம்பிவிடும் அன்றோ? தேர்வுக்காக இவற்றை நெட்டுருச் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்தக் குழுக்களின் வரிசையில் பதினாறு வயதுப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டுமென்பது அப்போது தோன்றவில்லை. எனக்கே அப்போது வயது பதினெட்டுத்தான்.

அந்த வயதில் எங்களுக்கும் ஒரு மொழி இருந்தது. 1996இல் நான் பிரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தபோது இவ்வூர் இளைஞர் வாயில் எப்போதும் இருந்த சொல் ‘செத்து’. அழகு, மிடுக்கு, நாகரிகம் எல்லாவற்றிற்கும் அது ஒன்றே. ஓணத்துக்கு எடுத்த புதுச்சட்டையோடு நான் வாசலில் நின்றபோது, என்னை அழைக்க வந்த நண்பன் உள்ளே பார்த்து, ‘அம்மே, இவன் இன்னு செத்தாணு கேட்டோ’ என்று குரல் கொடுத்தான். என் தாயார் பூதப்பாண்டியில் பிறந்தவர். அவர் பிறந்தபோது அவ்வூரும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது; 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மணமாகி இங்கு வந்து ஆண்டு பல ஆகியும் காது நாஞ்சில் நாட்டுக் காதுதான். கையிலிருந்த சுளகை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர், உயிரோடு நிற்கும் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்நண்பனை ஏசிய ஏச்சு இன்றும் எங்கள் தெருவில் பேசப்படுகிறது.

அன்றுமுதல் இந்தக் காதுச் சண்டை எங்கள் வீட்டில் ஓய்ந்ததில்லை. இரு மொழியும் ஒரு கொடியில் பழுத்தவையாதலால், அயல்மொழி செய்யாத குழப்பத்தை இவை செய்கின்றன. சுவையற்ற நகைச்சுவையைப் பிள்ளைகள் ‘சளி’ என்கிறார்கள். மலையாளத்தில் அது சேறு. பேத்தியின் தோழி ஒருத்தி எதையோ சொல்லிவிட்டு ‘ஆகெச் சளி’ என்று சிரித்ததைக் கேட்ட என் தாயார், பத்து நிமிடத்தில் இருவருக்கும் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்தார். உயிர்த்தோழியைச் ‘சங்கு’ என்கிறார்கள். தொண்டையும் நெஞ்சும் போன்றவள் என்று பொருள். நமக்கோ சங்கு என்றால் ஊதும் சங்குதான் முதலில் நினைவுக்கு வரும். ‘பொளி’ என்பது மட்டும் எனக்குப் பிடித்த சொல். அவர்களுக்கு அது இடித்துத் தகர்த்தல். நம் அகராதியிலும் பொளிதல் உண்டு. அம்மியை உளிகொண்டு கொத்துவதை எண்ணிக்கொள்கிறேன்.

சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதிய ஆ. மாதவன் 2021இல் மறைந்தார். அவருடைய கடைத்தெரு மாந்தர் பேசுவது தனித்தமிழுமன்று, தனி மலையாளமுமன்று. அச்சொற்களையெல்லாம் அடிக்குறிப்பு இல்லாமலே படித்து மகிழ்ந்தவர்கள்தாம் நாம். பெற்ற பிள்ளை பேசும்போது மட்டும் நமக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது.

இதே குறை எனக்கு மட்டுமன்று என்பதைச் சங்கத்து மாதக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது அறிந்தேன். பெற்றோர் நால்வர் கூடினால் இப்பேச்சுத்தான். ஓர் அன்பர், தம் மகன் தம்மைப் ‘பூமர்’ என்றதைப் பாராட்டென்று நெடுநாள் கருதியிருந்தாராம். இன்னொருவர் நகைத்தொழிலாளி. அவரிடம் ‘பறி’யைப் பற்றிக் கேட்டேன். அப்படியொரு சொல்லைக் கேள்விப்பட்டதில்லை என்றும், தம் பட்டறையில் வேறு சொற்கள் உண்டென்றும், அவற்றை இவ்விடத்தில் சொல்வதற்கில்லை என்றும் சிரித்துக்கொண்டே கூறிவிட்டார். எல்லார்க்கும் பயன்படும்படி ஒரு சொற்பட்டியல் தயாரித்துத் தரும்படி அன்று என்னைக் கேட்டுக்கொண்டனர். கோப்புகளோடு வாழ்பவனுக்கு இதைவிட உவப்பான பணி ஏது? நாற்பது பக்க ஏடொன்று வாங்கி, கோடு போட்டு, சொல், பொருள், எடுத்துக்காட்டு என்று மூன்று பத்திகள் வகுத்தேன். அலுவலக இளைஞரும், பேருந்தில் அருகில் நின்று பேசிய பிள்ளைகளும் எனக்கு ஆசிரியராயினர். இரண்டு வாரத்தில் அறுபத்துமூன்று சொற்கள் சேர்ந்தன.

இடையில் ஒருநாள், அதே இளைஞரின் பரிந்துரையால், 2025 மார்ச்சில் வெளிவந்த ‘அடலசன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரைப் பார்த்தேன். நான்கே பகுதிகள். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உடன் படித்த பெண்ணைக் கொன்றதாகக் கைது செய்யப்படுகிறான். இன்ஸ்டாகிராமில் அப்பெண் அவனுக்கு இட்டிருந்த சிறு சித்திரக் குறிகளைக் கண்ட காவல் அதிகாரி, அவற்றை நட்பின் அடையாளமாக எண்ணியிருக்கிறார். அவை ஏளனம், ஒவ்வொரு நிறத்திற்கும் தனிப்பொருள் உண்டு. இதனை அவருக்கு விளக்குபவன் அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன். தந்தை எல்லார்முன்னும் தடுமாறுவதைக் காணப் பொறாமல் தானே வந்து சொல்கிறான். அந்தக் காட்சிக்குப்பின் என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டு எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த அதிகாரியிடம் ஏடு இல்லை. வந்து சொல்ல ஒரு மகன் இருந்தான்.

என் தாயார் அப்போதுதான் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார்: ‘ஏ மக்கா, புள்ள சோத்துப் பாத்திரத்த நெறச்சே திருப்பிக் கொண்டாராளே, நீ பாத்தியாடே? ஒரு மாசமாட்டு இப்பிடித்தான்.’

நான் பார்க்கவில்லை. அறுபத்துமூன்று சொற்கள் சேர்த்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஏட்டை எடுத்துக்கொண்டு போய் மகள்முன் வைத்து, பிழையிருந்தால் திருத்தித் தருமாறு கேட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் தொடவில்லை. பிறகு புரட்டினாள். ‘ஸ்கிபிடி’ என்ற சொல்லுக்கு நேரே, ‘2025 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் அகராதியில் ஏறியது’ என்று நான் எழுதியிருந்ததைக் கண்டு, ‘அகராதியில வந்தா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம்’ என்றாள். இம்முறை தமிழ்ச் ‘செத்து’. ‘சசி’ என்பதற்கு நான் எழுதிய எடுத்துக்காட்டைப் பார்த்து இலேசாய்ச் சிரித்தாள். பக்கம் இருபத்தாறில் ‘தேப்பு: காதலித்து ஏமாற்றுதல்’ என்றிருந்தது. அங்கே நின்றுவிட்டாள். வெகுநேரம் கழித்து, ‘தேச்சவன் இல்லப்பா. தேச்சவங்க. மூணு பேரு’ என்றாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாய் உண்டு, ஒன்றாய்ப் பேருந்தேறிய மூன்று தோழியர். பிளஸ் ஒன்னில் புதிதாய்ச் சிலர் சேர்ந்ததும், நால்வர் இருந்த வாட்சப் குழு ஓசையின்றி நின்றுபோய், இவளை விட்டுவிட்டு வேறொரு குழு முளைத்தது. மதிய உணவு பெஞ்சில் இவளுக்கு இடமில்லாமற் போயிற்று. நான் ‘யார் அவன்?’ என்று கேட்ட நாளுக்கு முன்பே அது தொடங்கியிருந்தது. கைப்பேசியைப் பூட்டிவைத்தபோது, இவளோடு பேசிக்கொண்டிருந்த ஒரே மலையாளிப் பெண்ணின் தொடர்பையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். அன்று அந்த வாக்கியத்தை எழுதியவள் அவளே.

புதிய குழுவில் இவளை எந்தப் பெயரால் குறிக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ‘பாண்டி’ என்றாள். அச்சொல் என் ஏட்டில் இல்லை. அதற்குப் பொருள் எழுத எனக்கு எந்த இளைஞரின் துணையும் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடத்தின்போது பின்வரிசையிலிருந்து முதன்முதல் அதைக் கேட்டேன். மதுரையில் அரசாண்ட குலத்தின் பெயர் இந்த ஊர்த் தெருவில் எப்படி வசையாயிற்று என்பதை வீட்டில் அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தந்தையும் கேட்கவில்லை.

பள்ளிக்கு வந்து பேசட்டுமா என்றேன். வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். ஏட்டில் இருபத்தாறாம் பக்கத்தில், ‘காதலித்து’ என்ற சொல்லை அவளே பென்சிலால் அடித்துவிட்டு, ‘நம்பினவங்களை’ என்று மேலே எழுதினாள்.

பிளஸ் ஒன் முடியுமுன்னரே அவளுக்கு வேறு இரண்டு பேர் கிடைத்துவிட்டனர். ஒருத்தி நெடுமங்காட்டிலிருந்து வருபவள். சோற்றுப் பாத்திரம் இப்போது காலியாய்த் திரும்புகிறது. ஏட்டின் படிகளைச் சங்கத்தில் சிலர்க்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் பாதிச் சொற்கள் வழக்கொழிந்துவிட்டனவாம்.

சென்ற வாரம் அவள் வரைந்த ஆற்றங்கரைப் படமொன்றைக் காட்டினாள். என் படிப்பையெல்லாம் திரட்டி, ‘மோளே, கிடு! பொளிச்சு!’ என்றேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ‘அய்யோ அப்பா, நீங்க சொல்லாதீங்க. ஆகெத் தந்த வைப்’ என்றாள். மலையாளத்தில் தந்தை என்பது சபையில் சொல்லத்தக்க சொல்லன்று. அத்துடன் ‘வைப்’ சேர்ந்தால், காலங்கடந்த கிழட்டுப்போக்கு என்பது பொருள். நான் வாய்திறக்குமுன் என் தாயார் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

‘புள்ள நல்ல தமிழ்ல மரியாதையாட்டுத் தந்தைன்னு சொல்லுகாளே, பொறவு ஒனக்கு என்னடே வேணும்?’