ஜெர்வேஸ் கேட்ட கட்டில்

எமிலி ஜோலா 1877-இல் நூலாக வெளியிட்ட 'லசொம்வார்' புதினத்தை நாம் அண்மையில் மீண்டும் வாசித்தோம். பாரிஸ் நகரின் சலவைத் தொழிலாளியான ஜெர்வேஸ் வாழ்க்கையிடம் கேட்டவை மிகச் சில: உழைக்க ஒரு வேலை, உண்ண உணவு, அடிபடாத இல்லறம், சொந்தக் கட்டிலில் சாவு. கூரை வேலை செய்த கணவன் கூப்போ தவறி விழுந்து, தேறியபின் உழைப்பை வெறுத்துக் குடிக்கு அடிமையாகிறான். அவளும் அவ்வழியே சரிந்து, படிக்கட்டின் கீழுள்ள பொந்தில் மடிகிறாள்.

குருதிவழி வரும் இயல்பும் சூழலுமே மனிதனை உருவாக்குகின்றன என்பது ஜோலாவின் இயற்பண்புவாதம். அதை முழுவதும் ஏற்றால் மனமாற்றத்திற்கு இடமேது? முழுவதும் மறுத்தால், விழுந்தவர்மேல் கல்லெறியும் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுவோம். பழக்கமும் சமூகச் சூழலும் ஒருவரது குற்றப்பொறுப்பைக் குறைக்கவும், நீக்கவும்கூடும் என்றே 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது.

ஆனால், அதே குடியிருப்பில் லாலி என்னும் சிறுமியையும் ஜோலா படைத்திருக்கிறார். குடிகாரத் தந்தையின் அடிகளால் சாகும் அவள், இறுதிவரை தம்பி தங்கைக்குத் தாயாகவே இருக்கிறாள். வறுமையும் சாராய நெடியும் அவளுக்கும் பொதுவே. அந்த அன்பு மட்டும் எங்கிருந்து வந்தது? ஜோலாவின் கோட்பாட்டில் இதற்கு விடையில்லை.

ஒப்புரவு இருக்கையின்முன் குடியால் சிதைந்த ஒருவர் மண்டியிடும்போது, ஜெர்வேசின் சுமையை நினைத்துத் தீர்ப்பிடத் தயங்குகிறோம். லாலியை நினைத்து நம்பிக்கையிழக்க மறுக்கிறோம்.