வேங்கடத்து அடிவாரமும் வெள்ளைச் சப்பாத்தும்

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் வெள்ளைச் சப்பாத்து என்றவுடன் நினைவுக்கு வருவது அதன் அழகன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை. பள்ளிப் பிள்ளைகள் குளியலறை வாயிலில் குந்தியமர்ந்து துணிச் சப்பாத்தைத் தேய்ப்பார்கள். ஈரம் முழுதும் உலருமுன் வெள்ளைப் பூச்சைத் தடவுவார்கள். மதிலின்மேல் சாய்த்து வைப்பார்கள். மாலை மழை வந்துவிட்டாலோ குளிர்பதனப் பெட்டியின் பின்புறச் சூட்டில் காயவைப்பதும் உண்டு. திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் நிற்கும் ஆசிரியரின் கண் முதலில் காலுக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை இவ்வாறு தேய்த்திருக்கிறது. அவர்களில் ஒருவரேனும் வெள்ளைச் சப்பாத்தை விரும்பியதாக நாங்கள் கேட்டதில்லை.

2018இல் நாட்டின் கல்வியமைச்சர் பள்ளிகளுக்குக் கறுப்புச் சப்பாத்தை அறிவித்தார். 2019 முதல் அது வந்து, படிப்படியாக அதுவே வழக்கமும் ஆயிற்று. தாய்மார்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் நடந்த வேடிக்கையைப் பாருங்கள்! பள்ளியை விட்டு வெள்ளை போனதும், அதே பிள்ளைகள் தங்கள் கைக்காசைக் கொடுத்து வெள்ளைச் சப்பாத்து வாங்கத் தொடங்கினார்கள். கட்டாயம் விலகிய இடத்தில் விருப்பம் முளைத்துவிட்டது. எங்கள் மகளும் அவ்வாறே ஒரு சோடி வாங்கினாள். துணியாலானது, நாடா கட்டுவது, பால் வெள்ளை.

எங்கள் தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் சிறுவராயிருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் வெள்ளைச் சப்பாத்து அணிந்தவர் துரை ஒருவரே. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, பேரேட்டைப் புரட்டியபடி அந்தச் சப்பாத்து முன்னும் பின்னும் நடக்கும். தலையை நிமிர்த்திப் பார்க்க அஞ்சியவர்களுக்குத் துரையின் முகத்தைவிடச் சப்பாத்தே நன்றாக நினைவிருக்குமாம். சேறு மிதிக்கத் தேவையில்லாதவன் என்பதற்கு அது ஓர் அடையாளம். பிற்காலத்தில், 1960லும் 1961லும் நம் இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் ஆட்டத்தில் அரையிறுதி வரை சென்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தபோதுதான், தமிழன் ஒருவனும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி அந்தப் புல்தரையில் நிற்கலாம் என்று தமக்குத் தோன்றியதாக அவர் சொல்வார். அங்கே வெள்ளை கட்டாயம். சப்பாத்தின் அடித்தோல் வரை இன்றும் அந்த விதி உண்டு. ஆயினும் விளையாட்டு வேறு, வீடு வேறு என்பது தந்தையாரின் கட்சி.

இந்த வழக்கு தீராத நிலையில்தான் நாங்கள் திருமலை யாத்திரை புறப்பட்டோம். தந்தையாரின் தந்தை பழைய வட ஆற்காட்டுக்காரர். வேங்கடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் திசையைக் காட்ட வேண்டும் என்பது தந்தையாரின் நெடுநாள் ஆசை.

சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 135 கிலோமீட்டர். பழைய தமிழ் நூல்கள் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் மலை இதுவே. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த நாளில் ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 முதல் திருப்பதி தனி மாவட்டம். திருத்தணியைக் கடந்து சிறிது தொலைவில் பலகைகளின் எழுத்து மாறுகிறது. ஆனால் தேநீர்க் கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை கிடைக்கிறது.

மலையடிவாரத்துக்கு அலிபிரி என்று பெயர். அடிப்புளி என்ற தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். அங்கிருந்த ஒரு புளியமரத்தடியில் திருமலை நம்பி இராமானுசருக்கு இராமாயணப் பொருள் உரைத்தார் என்பது வைணவ மரபு. நடந்து மலையேறுவோர் இங்கேதான் தொடங்குகிறார்கள். வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர்; படிகள் 3,550. சீனிவாச மங்காபுரம் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு இதைவிடக் குறுகியது, 2,388 படிகள், ஆனால் செங்குத்து. மூட்டைகளை அலிபிரியில் ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

படிகளில் கால் வைக்குமுன் ஒரு சிறு கோயில் வருகிறது. அதன் பெயர் பாதால மண்டபம். தமிழ்க் காதுக்கு ஏதோ பாதாள உலகம் போல் ஒலிக்கும். தெலுங்கில் அது ‘பாதங்களின் மண்டபம்’ என்று பொருள்படும். மக்கள் இறைவனுடைய உலோகப் பாதுகைகளைத் தலைமேல் தாங்கிச் சுற்றி வருகிறார்கள். வேங்கடவன் இரவுதோறும் மலையிறங்கித் திருச்சானூரில் இருக்கும் அலமேல்மங்கையைக் காணச் செல்கிறான், அதனால் அவன் செருப்புத் தேய்ந்துபோகிறது, புதுச் செருப்புச் செய்து வைக்கத்தான் வேண்டும் என்று கதை சொல்வார்கள். கடவுளுக்கும் செருப்புத் தேயும் என்று நினைத்த அந்த மனத்தை நாங்கள் மிகவும் போற்றினோம். திருமலைக் கோயில் மணியின் அவதாரம் என்று வைணவர் கொண்டாடும் வேதாந்த தேசிகர், திருவரங்கநாதனின் பாதுகையைப் பற்றி மட்டும் 1008 சுலோகங்கள் பாடிப் பாதுகா சகஸ்ரம் என்று ஒரு நூலே செய்தார். காலணியை இழிபொருள் என்று சொல்லும் நாட்டில்தான் இதுவும் நடந்திருக்கிறது.

தந்தையார் அந்தப் பாதுகைகளை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மூன்று முறை சுற்றினார். சுற்றி முடித்துத் திண்ணையில் அமர்ந்தபின், எங்களிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“உன் கொள்ளுத்தாத்தா ஊரில் எல்லாரும் எல்லாத் தெருவிலும் செருப்புப் போட்டு நடக்க முடியாதம்மா. பெரிய தெரு முனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடி. தோட்டத்துக்குப் போனால் செருப்போடு நடக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்டுத்தான் கப்பலேறினாராம்.”

“அங்கே நடந்தாரா, தாத்தா?” என்றாள் மகள்.

“துரை வந்தால் அங்கேயும் கழற்றத்தான் வேண்டியிருந்தது.”

மகள் ஒன்றும் பேசவில்லை. தன் வெள்ளைச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, காலுறையை உள்ளே திணித்து, துணிப்பையில் போட்டுக்கொண்டாள். அருகில் ஒரு பெரிய வணிகர் போன்றவரும் தம் விலையுயர்ந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டியோட்டியும் கழற்றினார். தந்தையார் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கே கழற்றும்படி எவரும் எவரையும் அதட்டவில்லை.

தந்தையாரைப் பேருந்தில் அனுப்பிவிட்டு நாங்கள் படியேறினோம். வண்டிகள் செல்லும் முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது பாதை வந்தபின் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்றாயிற்று. அதற்கு முன்பு எல்லாரும் கால்நடைதான், முடியாதவர் டோலியில். வழியில் முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான ஏற்றம் உண்டு. இந்த மலையே இறைவன் திருமேனி, இதைக் காலால் மிதிப்பதெப்படி என்று தயங்கி இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்று சொல்வார்கள். மேலே கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். அந்த மலையில் படியாய்க் கிடக்க விரும்பிப் பாடிய ஆழ்வாரின் பெயர் அது. கால் படக்கூடாதென்று ஒருவர் எண்ணியிருக்கிறார். அடியார் கால் தன்மீது படவேண்டுமென்று மற்றவர் எண்ணியிருக்கிறார்.

காளி கோபுரம் வரையுள்ள ஏற்றமே கடினம். பிறகு வழி மலைக்காட்டினூடே சமனாகச் சென்று மீண்டும் ஏறுகிறது. வேண்டுதல் உள்ள பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, குனிந்து நிமிர்ந்து ஏறுகிறார்கள். அவர்கள் பின்னே ஏறுகிறவர் கால்களும் மஞ்சளாகிவிடுகின்றன. மேலே கோயிலைச் சூழ்ந்த நான்கு மாட வீதிகளிலும் எவரும் காலணி அணியலாகாது. வெயிற்காலத்தில் அந்தத் தெருக்களில் நடைவழிக்கு வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடித்து வைக்கிறார்கள். கறுத்த கல்லில் ஓர் அடி, வெள்ளைப் பட்டையில் ஓர் அடி என்று வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே உறைக்கும். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு விழுங்கிச் சூடாகிறது. வெப்ப நாட்டுக் காலுக்கு வெள்ளைச் சப்பாத்து ஏன் பொருந்துகிறது என்பதை மகள் அங்கே நின்றுகொண்டே தாத்தாவுக்கு விளக்கினாள். “நான் வேட்டி வெள்ளையாகக் கட்டுவதும் அதற்குத்தானே” என்றார் அவர். அவர் வாயிலிருந்து வந்த முதல் இணக்கச் சொல் அதுவே.

தரிசனம் முடிந்து கீழே வந்து சப்பாத்தை மாட்டியபோது, காலில் இருந்த மஞ்சள் குதிப் பக்கத்திலும் நாக்கிலும் நன்றாகப் பதிந்துவிட்டது. விடுதியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் போய்ச் செக்கச்செவேலென்று ஆயிற்று! மகள் அழாத குறை. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்; நம் வீட்டு ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் நீர் சிவப்பதும் இதனால்தான். தந்தையார் அதைச் சொல்லி, நல்ல நீரில் பலமுறை அலசச் செய்து, விடுதி மாடி வெயிலில் காயவைத்தார். மஞ்சள் சாயம் வெயிலுக்கு நில்லாது. மறுநாள் மாலைக்குள் கறை தேடினால்தான் தெரியும் என்ற அளவுக்கு வெளுத்துவிட்டது. அவர் அன்று முழுதும் இரண்டு மணிக்கொருமுறை மாடியேறி, வெயில் நகர்ந்த பக்கம் சப்பாத்தைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளையாய் இருந்த நாளில் அந்த வேலையைச் செய்ய அவருக்குச் சப்பாத்தே இருந்ததில்லை.

வாசகத் தாய்மாருக்கு இங்கே ஒரு சொல். துணிச் சப்பாத்துக் காயும்போது பழுப்பேறுவது பெரும்பாலும் சவர்க்காரம் முழுதும் அலசப்படாததால்தான். வெள்ளைத் தாளைச் சுற்றிக் காயவைத்தால் அந்தப் பழுப்பு துணியில் தங்காமல் தாளில் ஏறும். ரப்பர் ஓரத்துக்குப் பழைய பல்துலக்கியும் சிறிது பற்பசையும் போதும்.

அணிவது பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் வெள்ளைச் சப்பாத்தை விரும்பாதவர் பலர் அதைப் பொருத்தமில்லாத உடையோடு பார்த்தவர்களே. உடம்பெல்லாம் பளபளப்பும் பூவேலையும் இருக்க, காலிலும் வெள்ளை மின்னினால் கண் நேரே காலுக்குப் போய்விடும். அடர்நீலம், சாம்பல், காவி கலந்த பழுப்பு ஆகிய கால்சட்டைகளோடு அது அமைதியாக இருக்கும். சட்டை வெளிர் நிறமானால் மேலும் நன்று. பருத்திச் சேலையைக் கணுக்கால் தெரியச் சற்று உயர்த்திக் கட்டி வெள்ளைச் சப்பாத்து அணியும் இளம்பெண்களை இப்போது கோலாலம்பூரிலும் சென்னையிலும் காண்கிறோம். வேலைக்கு விரைந்து நடப்பவர்க்கு அது கண்ணுக்கும் காலுக்கும் நல்லது. பட்டோடு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேட்டியோடும் வேண்டாம்; கரை வேட்டிக்குக் கீழே நாடா கட்டிய சப்பாத்து, மாப்பிள்ளை அழைப்பு வாத்தியக்காரரைத்தான் நினைவூட்டுகிறது. தூய பால் வெள்ளையைவிடச் சற்றே தந்த நிறம் கலந்தது நம் தோல் நிறத்துக்கு இசைகிறது. அழுக்கும் குறைவாகத் தெரியும். கோயில் யாத்திரைக்கு மட்டும் நாடா இல்லாததே வசதி. கழற்றி மாட்டுவது நாளொன்றுக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை.

திரும்பும்போது தந்தையார் விருப்பப்படி நெல்லூர்ச் சாலையைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தோம். அந்த வழியில், திருப்பதி மாவட்டத்தின் தென்கோடியில், தடாவுக்கு அருகே மாம்பட்டு என்னும் ஊரில் அப்பாச்சி என்ற நிறுவனத்தின் பெரிய ஆலை இருக்கிறது. அடிடாஸ் சப்பாத்துகள் அங்கே உருவாகி உலகமெங்கும் போகின்றன. வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. இன்னொரு திசையில், பெங்களூர்ச் சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய பழைய வட ஆற்காட்டு ஊர்கள் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றவை. தோல் தொட்டவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய மாவட்டம் இன்று அந்தத் தோலால் பிழைக்கிறது என்று தந்தையார் வண்டியில் சொல்லிவந்தார். திருவரங்கத்துப் பெருமாளின் செருப்பைப் பற்றிய கதை ஒன்றையும் சொன்னார். வலக்காலுக்கு ஓர் ஊரிலும் இடக்காலுக்கு வேறோர் ஊரிலும், ஒருவரையொருவர் அறியாத இரு தொழிலாளர் கனவில் அளவு கண்டு செய்வார்களாம். கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தால் மயிரிழை வேறுபாடும் இராதாம்.

சென்னையில் ஒரு கடைக்கு மகள் அவரை அழைத்துப் போனாள். குனிந்து நாடா கட்ட அவரால் ஆகாது. ஒட்டுப்பட்டை வைத்த வெள்ளைச் சப்பாத்து ஒன்று, தந்த நிறச் சாயலில், அவர் காலுக்குச் சரியாக வந்தது. அதை அணிந்துகொண்டு கடைக்குள்ளேயே இருமுறை நடந்தார். பின் கழற்றி, வலதையும் இடதையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் அளவு பார்த்துவிட்டு, “கட்டித் தரச் சொல்லம்மா” என்றார்.